கொக்கியில் தொங்கிய சட்டை

தூத்துக்குடி
3 மார்ச் 2025

திரு. நாறும்பூநாதன் அவர்களுக்கு,

அனுப்புநர் பெயரைப் பார்த்ததும் இதைக் கிழிக்கத்தான் தோன்றும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள். போனில் பேசக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜாமீன் நிபந்தனைப்படி திருநெல்வேலிப் பக்கமே நான் தலைகாட்டக் கூடாது. இங்கே மச்சினன் வீட்டில் தங்கி, தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறேன். அதனால்தான் கடிதம்.

உங்கள் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள் என்று ஹெப்ரான் வந்து சொன்னான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ரவுடி இல்லை, சார். பேட்டையில் கிரில் பட்டறை வைத்திருப்பவன். நானும் ஹெப்ரானும் சேர்ந்து ஆறு வருஷமாக ‘ஞாயிறு ஓட்டம்’ நடத்துகிறோம். முப்பது பேர். பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி வரை பதினைந்து கிலோமீட்டர் ஓடுவோம். ஓடி முடித்த கையோடு ஆற்றில் இறங்கி, காரியம் செய்ய வருகிறவர்கள் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிற பழந்துணிகளை இழுத்துக் கரையில் போடுவோம். அந்தத் துணி படித்துறையில் மக்கி, மீனைக் கொன்று, குளிக்க வருகிறவன் காலைச் சுற்றுகிறது. ஊருக்கு நல்லது என்று செய்ததுதான்.

அன்றைக்கு உங்கள் தகப்பனாருக்குப் பதினாறாம் நாள் என்று எங்களுக்குத் தெரியாது. நீங்கள் படித்துறையில் நின்றதை நான் பார்க்கவில்லை. துணி மிதந்து வந்தது, இழுத்தேன். அதற்குப் பிறகு எல்லாம் கைமீறிப் போய்விட்டது.

நீங்கள் அரிவாளோடு வந்ததாக எங்கள் புகாரில் இருக்கிறது. அதை எழுதியது எங்கள் ஆட்களும் வக்கீலும்தான். கையெழுத்து மட்டும் என்னுடையது. உங்கள் வழக்கு, எங்கள் வழக்கு இரண்டையும் சமரசமாக முடித்துக்கொண்டால் இரண்டு குடும்பத்துக்கும் நல்லது. யோசித்துப் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பா. பாக்கியசீலன்


சேரன்மகாதேவி
9 மார்ச்

பாக்கியசீலனுக்கு,

கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வரி கோணலாகப் போகும். ஒற்றைக் கண்ணுக்குக் கோடு பிடிபடவில்லை. தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறேன். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இனி பஸ் ஓட்ட முடியுமா என்று கேட்டேன். வேறு வேலை பார்க்கச் சொன்னார் டாக்டர். பன்னிரண்டு வருஷம் வண்ணார்பேட்டைக்கும் சேரன்மகாதேவிக்கும் ஓட்டினவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் ஆட்கள் ரோட்டோரம் ஓடும்போது ஆரன் அடித்து ஒதுங்கிப் போகிற டிரைவர் நான்தான். திரும்பும்போது சேறும் வேர்வையுமாக என் வண்டியில்தான் ஏறுவீர்கள். கண்டக்டர் பாவா மூக்கைப் பிடிப்பார். “நல்ல காரியம் பண்ணுதாவ, விடும் வே” என்று நான் சொல்லுவேன். அதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர். சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேளும்.

அப்பா கடைசியாக உடுத்திய வேட்டியையும் சட்டையையும் ஆற்றில் விட்டேன். மூன்று முங்கு போட்டேன். “இனி திரும்பிப் பாக்காம ஏறணும்” என்றார் காரியம் செய்து வைத்தவர். நாலு படி ஏறியிருப்பேன். பின்னால் கைதட்டல். “ஏலே, நல்ல கனமா இருக்குல, சுண்டி இழு” என்று ஒரு சத்தம். திரும்பிவிட்டேன். நீர் பட்டறையில் அடித்துக் கொண்டுவந்த அந்த நீளக் கொக்கியில் அப்பாவின் சட்டை தொங்குகிறது. பாக்கெட்டில் அவருடைய பேனா மசிக் கறை. தண்ணீர் வடிய வடிய அதைத் தூக்கி ஷாம்பு கவரும் பழைய பாவாடையும் கிடந்த குவியலில் போட்டீர். ஒரு பொம்பளைப் பிள்ளை தராசைப் பார்த்துப் பலகையில் எண்ணை மாற்றி எழுதுகிறாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். மேல்படியில் என் அம்மா நிற்கிறாள்.

இறங்கி வந்து உம் மூக்கில் குத்தினேன். மறைக்கவில்லை. ரத்தம் வந்தது, மனசுக்கு ஆறுதலாக இருந்தது, இன்னொன்று குத்தினேன். தடுக்க வந்த ஹெப்ரானின் பல்லைக் கல்லால் உடைத்ததும் நான்தான். ஆனால் அரிவாள் எங்கிருந்து வந்தது? இடுப்பில் ஒற்றை ஈர வேட்டியோடு அப்பனுக்குக் காரியம் செய்கிறவன் அரிவாளை எங்கே சொருகியிருந்தேன் என்று உம் வக்கீலிடம் கேட்டு எழுதும்.

கொக்கி என் கண்ணில் மாட்டியது. மாட்டினதோடு நீர் விடவில்லை. இழுத்தீர்.

என் கண் போனது போகட்டும். என் தம்பி சுந்தரை எதற்கு இதில் இழுத்தீர்? அவன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் நின்றான். ஒருத்தன் மேலும் கை வைக்கவில்லை. அவன்தான் அரிவாளை எடுத்துக் கொடுத்தான் என்று எழுதி இரண்டாவது குற்றவாளி ஆக்கியிருக்கிறீர். போலீஸ் வேலைக்குச் செலக்ட் ஆகியிருக்கிற பையன் அவன். உங்கள் ஆட்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் அவனும் ஓடப் பழகினான், அது தெரியுமா உமக்கு? ஏப்ரல் 10-ஆம் தேதி வெரிபிகேஷன். அதற்குள் அரிவாள் பொய் என்று நீர் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். சமரசமும் வேண்டாம்.

நாறும்பூநாதன்


தூத்துக்குடி
21 மார்ச்

நாறும்பூநாதன்,

உமக்குப் பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நல்ல பதில். நீர் கேட்டதைச் செய்கிறேன் என்று எழுதிய பதில். தபாலில் போடப் போகும்போது வீட்டிலிருந்து போன் வந்தது.

பதினைந்தாம் தேதி பேட்டையில் என் பட்டறைக்குள் உம் மாமன் மகன்கள் நாலு பேர் புகுந்தார்கள். கேஸ் கட்டரை உடைத்தார்கள். வாடிக்கைக்காரருக்குச் செய்து வைத்திருந்த ஜன்னல்களைச் சம்மட்டியால் அடித்து வளைத்தார்கள். பட்டறையைப் பூட்டி வைக்க வேண்டாம் என்று உள்ளே உட்கார்ந்திருந்தவள் என் மனைவி எப்சி. ஆபீஸ் கண்ணாடியை உடைத்தபோது அது அவள் முகத்தில் விழுந்தது. காதிலிருந்து தாடை வரைக்கும் பதினோரு தையல். “நாறும்பூ அண்ணன் கண்ணுக்கு வட்டி இது” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவள் ஆற்றங்கரைக்கே வந்தவள் இல்லை. அவள் என்ன வே பண்ணினா உமக்கு?

என்னால் ஊருக்குப் போய் அவள் கையைப் பிடிக்க முடியவில்லை. பத்து மணிக்குக் கையெழுத்து. உம் கண்ணுக்காக நான் அழுததை நினைத்து இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. உம் தம்பி போலீஸ் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன? நான் எழுதிக் கொடுத்தால் ஏழு வருஷமோ பத்து வருஷமோ உள்ளே போவேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களை யார் பார்ப்பது, உம் மாமன் மகன்களா?

அரிவாள் இருந்தது. நான் பார்த்தேன். கோர்ட்டிலும் அதைத்தான் சொல்வேன்.

பாக்கியசீலன்


சேரன்மகாதேவி
18 ஏப்ரல்

பாக்கியசீலன்,

சுந்தரைத் தள்ளிவிட்டார்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறதாம். நாலு வரியில் ஒரு காகிதம் வந்தது. அதை வாங்கிப் படித்துவிட்டுத் தான் ஓடப் போடுகிற ஷூவை அடுப்பில் போட்டான். ரப்பர் நாற்றம் வீடு முழுக்க இரண்டு நாள் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் யாரோடும் பேசுவதில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவன் கையை நனைப்பதில்லை.

உம் மனைவி உள்ளே இருந்தது என் ஆட்களுக்குத் தெரியாது. தெரிந்து செய்தால் அவன்கள் மனுஷ ஜென்மம் இல்லை. ஆனால் பட்டறைக்குப் போகிறார்கள் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். நான் தடுக்கவில்லை. அது என் மேல் இருக்கிறது, இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீர் வேறு மதம் என்பதைச் சொல்லிக்கொண்டு மூன்று பேர் வெளியூரிலிருந்து காரில் வந்தார்கள். ‘வேண்டுமென்றே செய்திருக்கிறான், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றார்கள். “இது எனக்கும் அந்த ஆளுக்கும் உள்ள சண்டை, நீங்க வண்டியத் திருப்புங்க” என்று விரட்டிவிட்டேன். உம்மை அடிக்க வேண்டுமானால் நான் அடிப்பேன். வேறு எவனுக்கும் அந்த உரிமை கிடையாது.

இப்போது தினமும் அடிக்கிறேன். தூக்கத்தில். கொக்கி என் கையில் இருக்கிறது. நானும் மாட்டி இழுக்கிறேன். முழித்தால் கையெல்லாம் வலிக்கிறது. நீர் திரும்பி வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். வந்தால் ரோட்டில் இறங்காதேயும்.

நாறும்பூநாதன்


பாளையங்கோட்டை
13 ஜூன், வெள்ளி

நாறும்பூநாதன்,

நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள். போன வாரம் வீட்டுக்கு வந்தேன். எப்சியின் முகத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். அவள் அழவில்லை. சாப்பாடு போட்டாள், பிள்ளைகளைத் தூங்க வைத்தாள், எதிரில் வந்து உட்கார்ந்தாள். “அந்த ஆளு படியில நின்னத நீங்க பாத்திய, இல்ல?” என்று கேட்டாள். வக்கீல் கேட்கவில்லை, போலீஸ் கேட்கவில்லை, பாதிரியார் கேட்கவில்லை. இவள் கேட்டாள். அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை.

பார்த்தேன். மொட்டைத் தலையோடு நீர் முங்கி எழுந்ததைப் பார்த்தேன். மேல்படியில் உம் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். காரியம் செய்கிறவர்கள் கரையேறிக் கண்ணுக்கு மறைகிறவரைக்கும் கொக்கி போடக் கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. அதை எழுதி அட்டை அடித்துக் கொடுத்தவனே நான்தான். ஆனால் அன்றைக்கு ஐந்நூறு கிலோ இலக்கு. பலகையில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. பத்திரிகை போட்டோக்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாட்சைப் பார்க்கிறார். அப்போதுதான் விட்ட துணி, தண்ணீர் குடித்து நல்ல கனமாக இருக்கும். ஐந்து நிமிஷம் பொறுத்திருக்கலாம். இரண்டு கிலோவுக்காகப் பொறுக்கவில்லை. கைதட்டச் சொன்னதும் நான்தான்.

கண்ணையும் சொல்லிவிடுகிறேன். நீர் இரண்டாவது குத்து விட்டபோது எனக்குக் கண்மண் தெரியவில்லை. கொக்கியை வீசினேன். அது மாட்டியது. மாட்டினால் சுண்டி இழுப்பது ஆறு வருஷப் பழக்கம். துணிக்குச் செய்வதைக் கை உமக்கும் செய்துவிட்டது. பழக்கத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்கவில்லை. வீசும்போது உம்மைக் கொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது.

அரிவாள் கிடையாது. இன்று காலை கோர்ட்டுக்குப் போய் அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ஹெப்ரான் என்னைத் துரோகி என்றான். சுந்தர் ஒருத்தர் மேலும் கை வைக்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். இதைக் காட்டி முறையீடு செய்தால் வேலை கிடைக்க வழி இருக்கிறது என்று வேறொரு வக்கீலிடம் விசாரித்தேன். நாளைத் தள்ளிப்போடாதேயும்.

நாளை மறுநாள் ஞாயிறு. ஐந்து மாதமாகக் காலைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். உள்ளே போவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட வேண்டும். பேட்டையிலிருந்து தனியாகக் கிளம்பி உம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். கை ஓங்க மாட்டேன்.

பாக்கியசீலன்


சேரன்மகாதேவி
17 ஜூன், செவ்வாய்

பாக்கியசீலன்,

உம் கடிதம் நேற்றுத் திங்கள்கிழமை பதினொரு மணிக்கு வந்தது.

சனிக்கிழமையே வந்திருக்கக் கூடாதா? நேற்றிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கவரைத் திறந்து நகலைப் படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தபால்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட வருகிறீர் என்று சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. உங்கள் குழுவில் யாரோ வாட்ஸ்அப்பில் போட்டதை எவனோ சுந்தருக்குக் காட்டியிருக்கிறான். வந்து என் முன்னால் நின்றான். “அண்ணே, பைக் சாவி” என்றான். இரண்டு மாதத்தில் அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரியும். ஆணியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன்.

சுத்தமல்லி தாண்டி நீர் கிடந்தீராம். பால் வண்டிக்காரர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாராம். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று பாவா விசாரித்து வந்து சொன்னார். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். இத்தனை நாள் இதைத்தானே வேண்டிக்கொண்டு கிடந்தேன். அம்மா காது கேட்காத இடத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

சுந்தர் எங்கே இருக்கிறான் என்று நான் எழுதமாட்டேன். அவனிடம் உம் நகலைக் காட்டினேன். படித்தான். மறுபடி படித்தான். பிறகு சுவரில் தலையை முட்டினான். நான் இழுத்துப் பிடிப்பதற்குள் நெற்றி கிழிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் உம்மிடம் வாக்குமூலம் வாங்க வருவார். நான் யார் காலிலும் விழுந்தவன் இல்லை. இப்போது உம்மிடம் கேட்கிறேன். அவன் பெயரைச் சொல்லாதேயும். பெயர் வந்துவிட்டால் உம் நகல் வெறும் காகிதம். அவனுக்கு வேலையும் இல்லை, வெளியே வாழ்வும் இல்லை. என் பெயரைச் சொல்லும். சாவி கொடுத்தவன் நான். வண்டி ஓட்டியவனும் நான் என்றே சொல்லிவிடும். பன்னிரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன் ஒற்றைக் கண்ணில் பைக் ஓட்டமாட்டானா? அவன் இன்னும் சின்னப் பையன்.

நாறும்பூநாதன்


பாளையங்கோட்டை
26 ஜூன்

நாறும்பூநாதன்,

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுத நேற்றுதான் விட்டார்கள். இல்லாத காலின் விரல் அரிக்கிறது. சொறியப் போனால் படுக்கைதான் இருக்கிறது. எப்சி பக்கத்தில் இருக்கிறாள். எழுதுவதை அவளும் படிக்கிறாள்.

நடந்ததை நீரும் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னாலிருந்து இடித்தான். குப்புற விழுந்தேன். கையில்தான் சிராய்ப்பு, எழுந்திருக்கப் பார்த்தேன். அதோடு போயிருந்தால் விபத்து என்று சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவன் தாண்டிப் போய் வண்டியைத் திருப்பினான். முகத்தில் துணியில்லை, ஹெல்மெட்டும் இல்லை. “எனக்கு ஒரு வேலை கெடச்சிருந்துச்சு வே” என்றான். பைய, நிதானமாகச் சொன்னான். காலின் மேல் ஏற்றினான். பின்னால் எடுத்து மறுபடியும் ஏற்றினான். எலும்பு உடைகிற சத்தத்தை அவனும் கேட்டான். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தான்.

இன்ஸ்பெக்டர் மூன்று தடவை வந்தார். முதல் இரண்டு தடவையும் மயக்கம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். உம் கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். உம்மிடம் பட்ட கடனுக்கு ஒரு கால் போதும், கணக்கு நேர் என்று மனசைத் தேற்றினேன். மூன்றாவது தடவை அவர் கேட்டபோது வாய் திறந்து ‘தெரியாது’ என்று சொல்லப் போனேன். வரவில்லை. ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து மாதம் நான் பட்டது உமக்குத் தெரியாது. அந்த ஒரு பொய்யில் உம் தம்பி கெட்டான், என் மனைவி முகம் போயிற்று. இன்னொன்று சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குப் பயம்.

சுந்தர் என்று சொல்லிவிட்டேன்.

அவன் ஏன் செய்தான் என்பதையும் சொன்னேன். நான் போட்ட பொய்யையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் எழுதிக்கொண்டதெல்லாம் அவன் தலைக்கு உதவாது என்று எனக்கும் தெரியும்.

நீர் சாவி கொடுத்தது நான் கண்ணால் பார்த்தது இல்லை. கடிதத்தில் படித்தது. பார்த்ததைச் சொன்னேன், படித்ததைச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை எப்சி கிழித்து வீட்டு முற்றத்தில் கொளுத்திவிட்டாள். உம் அம்மாவுக்கு ஒரு பிள்ளையாவது வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

என்னை நீர் சபிக்கலாம். வீட்டு முகவரி கவரின் பின்னால் இருக்கிறது. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முன்னறையில்தான் கட்டில். கதவைச் சாத்தி மட்டும் வைப்போம். நீர் வந்தால் என்னால் எழுந்து ஓட முடியாது, ஓடவும் மாட்டேன்.

பாக்கியசீலன்


சேரன்மகாதேவி
3 ஜூலை

பாக்கியசீலன்,

சுந்தரைப் பிடித்துவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். ஸ்டேஷனில் பார்த்தேன். வீங்கிய முகத்தோடு, “அண்ணே, அம்மாட்ட வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கேன்னு சொல்லு” என்றான். சொன்னேன். அம்மா நம்பினாள். எந்த ஊர் என்று கேட்டாள்.

நீர் சொன்னது தப்பு என்று என்னால் எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்தேன், இரண்டு தாள் கிழித்தேன். உம்மை மன்னித்தேன் என்றும் எழுத முடியவில்லை.

நேற்று மத்தியானம் வண்ணார்பேட்டையில் இறங்கி உம் வீடு வரைக்கும் நடந்து வந்தேன். சொன்னபடி கதவு சாத்தித்தான் இருந்தது. தள்ளினால் திறந்துவிடும். உள்ளே உம் சின்னவள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறினாள், நீர் எடுத்துக் கொடுத்தீர். என் துணிப்பையில் என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். அவள் அந்த வாய்ப்பாட்டை முடிக்கிறவரைக்கும் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கதவைத் தாழ் போட்டு வையும். இது மிரட்டல் இல்லை. நாளைக்கு வந்தாலும் இப்படியே திரும்பிப் போவேன் என்று எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை.

நாறும்பூநாதன்